காவலுக்கும் ஒரு காவல்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னிடம் சுகாதாரத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். வைத்தியர் ஒருவரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு, இரத்த அழுத்தம், மார்பகப் புற்றுநோய் என்று ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுவார் என்று எல்லோரும் எதிர்பார்ப்பது வழக்கம். அவையெல்லாம் முக்கியமானவைதான். ஆனால் நூறு வருடம் நிலைத்து நின்ற ஒரு சங்கத்தின் விழாவில் வேறொரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நமக்கு ஆபத்து வருகிறதா என்று பார்ப்பதற்காக நாம் ஓர் ஏற்பாட்டைச் செய்து வைக்கிறோம். அந்த ஏற்பாடு சுகமாக இருக்கிறதா என்று யார் பார்ப்பது?

நமது தங்கைமாரில் பலர் இப்போது கணினித் துறையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஒரு வங்கியிலோ பெரிய நிறுவனத்திலோ நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் ஒன்றோடொன்று இணைந்து வேலை செய்யும். அவற்றைக் கண்காணிக்கவென்றே ஓர் இயந்திரம் இருக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொன்றிடமும் "இருக்கிறாயா? சுகமா?" என்று அது விசாரிக்கும். ஒன்று பதில் சொல்லாவிட்டால் பொறுப்பானவரின் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும். இதைத்தான் வலையமைப்புக் கண்காணிப்பு என்கிறார்கள்.

அந்தக் கண்காணிப்பு இயந்திரமே படுத்துவிட்டால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. எந்தச் செய்தியும் வராது. எல்லாம் நல்லபடியாக இருக்கும் நாளிலும் செய்தி வராது, காவல் செத்துப்போன நாளிலும் செய்தி வராது. இரண்டு நாட்களும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். அந்த இயந்திரம் படுப்பதற்குப் பெரிய காரணமும் தேவையில்லை. தானே எழுதிச் சேர்த்த பதிவுகளால் அதன் நினைவகம் நிரம்பியிருக்கலாம். எச்சரிக்கை போகவேண்டிய தொலைபேசி இலக்கத்துக்குரியவர் ஆறு மாதத்துக்கு முன்பே வேலையை விட்டுப் போயிருக்கலாம். பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம். இப்படிச் சின்னச் சின்ன விடயங்கள்தான்.

2021 ஒக்டோபர் 4ஆம் திகதி இரவு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இங்கே ஒன்பது மணி கடந்த சிறிது நேரத்தில் வட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டகிராம் எல்லாம் ஒன்றாக நின்றுபோயின. ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் உலகமே வாயடைத்துப் போயிருந்தது. வழக்கமான பராமரிப்பு வேலையின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளைதான் காரணம் என்று அந்த நிறுவனம் பிறகு விளக்கம் சொன்னது. அப்படியான ஆபத்தான கட்டளைகளைத் தடுப்பதற்கென்றே அங்கே ஒரு பரிசோதனைக் கருவி இருந்தது. அந்தக் கருவியிலேயே ஒரு பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. அதோடு, பழுதைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்குப் பொறியியலாளர்கள் பாவிக்கும் கருவிகளும் அதே வலையமைப்பில்தான் இருந்தன. வீடு எரியும்போது தண்ணீர் வாளியும் அதே வீட்டுக்குள் அகப்பட்டுக்கொண்ட கதை அது.

நான் கணினி படித்தவளில்லை. ஆனால் இதே கதை நமது நாட்டில், நமது கரையோரத்தில், இதைவிடப் பெரிய விலைக்கு நடந்திருக்கிறது. அதைத்தான் இன்று சொல்ல வந்தேன். அது மலேரியாவின் கதை.

புத்தளம் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர் எவருக்கும் மலேரியாக் காய்ச்சலைப் பற்றி விளக்கத் தேவையில்லை. குளிர் நடுக்கம், எத்தனை போர்வை போர்த்தாலும் அடங்காத நடுக்கம், பிறகு கொதிக்கும் காய்ச்சல், பிறகு வியர்வை. குளோரோகுவின் குளிசையின் கசப்பு நாக்கை விட்டுப் போகாது. வகுப்பில் யாராவது நாலு நாள் வராவிட்டால் "காய்ச்சலாக்கும்" என்போம். அவ்வளவு சாதாரணம்.

இந்த நோயைப் பரப்பும் முக்கிய நுளம்பின் பெயர் அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ். சாக்கடையை அது நாடுவதில்லை. ஆற்றில் நீர் வற்றும்போது மணலிலும் கற்களுக்கிடையிலும் தேங்கி நிற்கும் தெளிந்த நீரில்தான் முட்டையிடும். கலா ஓயாவும் மீ ஓயாவும் வறண்ட காலத்தில் எப்படிக் குட்டை குட்டையாகக் கிடக்கும் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் உலர் வலயம் எப்போதும் காய்ச்சல் பூமியாக இருந்தது.

1911இல் குருணாகலில் நாட்டின் முதலாவது மலேரியாக் கட்டுப்பாட்டு நிலையம் திறக்கப்பட்டது. அப்படியிருந்தும் 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்து, மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற பெரிய ஆறுகளும் குட்டைகளாகியபோது வந்த கொள்ளைநோயைத் தடுக்க முடியவில்லை. 1934 கடைசியிலிருந்து 1935 வரை சில மாதங்களுக்குள் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். அப்போது நாட்டின் சனத்தொகை 60 இலட்சத்துக்கும் குறைவு. குருணாகல், கேகாலைப் பகுதிகள்தான் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. அடிக்கடி காய்ச்சல் கண்டு ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த உலர் வலயத்து மக்களைவிட, அதை அதிகம் அறியாத மக்களையே அது கூடுதலாகக் கொன்றது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மறந்த ஊருக்குத் திரும்பி வரும் மலேரியா, பழகிய ஊரில் இருக்கும் மலேரியாவைவிடக் கொடியது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கும் வேலை நாடெங்கும் தொடங்கியது. பலன் பிரமாதமாக இருந்தது. 1946இல் இலட்சக்கணக்கில் இருந்த நோயாளர் தொகை வருடா வருடம் விழுந்து, 1963இல் நாடு முழுவதற்கும் 17 ஆனது. பதினேழே பேர்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் பாடம். வெற்றி கிடைத்துவிட்டது என்று தெளித்தல் கட்டம் கட்டமாக நிறுத்தப்பட்டது. அது திட்டத்தின்படி செய்யப்பட்டதுதான். ஆனால் மருந்து தெளிப்பதை நிறுத்தியபின் நாட்டைக் காப்பது ஒன்றே ஒன்று: காய்ச்சல் காண்பவரின் இரத்தத்தைச் சோதித்து, நோய் எங்கே தலைகாட்டுகிறது என்று உடனே கண்டுபிடிக்கும் கண்காணிப்பு. பதினேழு நோயாளருக்காக இவ்வளவு பணமும் ஆட்களும் எதற்கு என்ற எண்ணம் எழுந்தபோது அந்தக் கண்காணிப்பும் தளர்ந்தது. இதற்கிடையில் எலஹெரப் பக்கம் இரத்தினக்கல் தேடி எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குவிந்தார்கள். அவர்கள் வெட்டிய குழிகளில் நீர் தேங்கியது. மழையும் குறைந்தது. 1967இல் நோய் கிளம்பியது. 1969இல் ஒரே வருடத்தில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா.

ஆறு வருடத்தில் பதினேழிலிருந்து ஐந்து இலட்சம். நுளம்பு முன்பும் இருந்தது. ஆறும் முன்பும் வற்றியது. இடையில் மாறியது காவல்தான். காவல் கலைக்கப்பட்டதாக யாரும் அறிவிக்கவில்லை. அது மெதுவாக நலிந்தது. அது நலிந்துகொண்டிருந்த காலத்தில் வந்த அறிக்கைகள் எல்லாம் நல்ல அறிக்கைகளாகவே இருந்திருக்கும். பார்க்காத கண்ணுக்கு எதுவும் தெரியாதல்லவா?

அதன்பின் மலேரியாவை மீண்டும் அடக்க நாற்பது வருடத்துக்கு மேல் எடுத்தது. டி.டி.ரி.க்கு நுளம்பு பழகிவிட்டதால் 1977இல் மலத்தியனுக்கு மாறினார்கள். போர் வந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்கள் நமது மாவட்டத்தின் கரையெங்கும் ஓலைக் கொட்டில்களில் தங்க நேர்ந்தது. அந்தக் கொட்டில்களில் நுளம்புக்கு மறைப்பு ஏது? 1999இல்கூட நாட்டில் 264,549 மலேரியா நோயாளர். ஆனால் அடுத்த பத்து வருடத்தில் நிலைமை தலைகீழாக மாறியது. நீண்டகாலம் உழைக்கும் மருந்தூட்டிய நுளம்பு வலைகள், உடனடிப் பரிசோதனை, நடமாடும் சிகிச்சைக் குழுக்கள், போரின் இரு பக்கத்திலும் வேலையை விடாத சுகாதார ஊழியர்கள் என்று பல கைகள் சேர்ந்தன. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் மாலைதீவுக்கு அடுத்ததாக நாம்.

இரண்டாவது முறை நாம் வித்தியாசமாகச் செய்த ஒன்று உண்டு. நோய் பூச்சியத்துக்கு வந்தபோது காவலைக் குறைக்கவில்லை. நாட்டுக்குள் தொற்றிய நோயாளி ஒருவர்கூட இல்லாத வருடங்களிலும் ஏறத்தாழ 10 இலட்சம் இரத்தப் பூச்சுகள் சோதிக்கப்பட்டன. வெளியிலிருந்து பார்ப்பவர் "ஒன்றும் இல்லாததைத் தேட இவ்வளவு செலவா?" என்று கேட்கலாம். 1963இல் கேட்ட அதே கேள்விதான் அது.

சரி, காவல் உண்மையில் விழித்திருக்கிறதா, அல்லது கண்ணைத் திறந்தபடி தூங்குகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பொதுச் சுகாதாரத்தில் இதற்குச் சில நல்ல வழிகள் இருக்கின்றன. அவற்றை உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனென்றால் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் சங்கத்துக்கும் அவை பொருந்தும்.

முதலாவது, "ஒன்றுமில்லை" என்ற அறிக்கை. நமது நாட்டில் ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரியும் தன் பிரிவில் பதிவான தொற்றுநோய்களைப் பற்றி வாராவாரம் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். நோய் இல்லாவிட்டாலும் அனுப்ப வேண்டும். பூச்சியம் என்று எழுதி அனுப்புவது ஒரு தகவல். அனுப்பாமல் விடுவது தகவலின்மை. தொற்றுநோயியல் பிரிவு வாராவாரம் வெளியிடும் அறிக்கையில் மாவட்டம் மாவட்டமாக டெங்கு இத்தனை, வயிற்றோட்டம் இத்தனை என்று ஓர் அட்டவணை இருக்கும். அதன் கடைசியில் இரண்டு நிரல்கள் உண்டு. அறிக்கைகள் நேரத்துக்கு வந்தனவா, எத்தனை வீதம் வந்து சேர்ந்தன என்று அவை சொல்லும். நோயின் கணக்கோடு, கணக்கெடுப்பவரின் கணக்கையும் சேர்த்து அச்சிடுகிறார்கள். ஒரு மாவட்டத்தில் நோய் குறைவு என்று மகிழ்வதற்கு முன் அந்தக் கடைசி நிரலைப் பார்க்க வேண்டும்.

நமது பாடசாலை இடாப்பும் அப்படித்தான். வந்தவள் "பிரசன்னம்" என்று குரல் கொடுத்தாள். குரல் வராத பெயரில்தான் ஆசிரியையின் பேனா நின்றது. இடாப்பே கூப்பிடாத நாளில் யார் வந்தார், யார் வரவில்லை என்று எவருக்கும் தெரியாது.

இரண்டாவது வழி, கட்டாயம் கிடைக்கவேண்டிய ஒன்றைத் தேடுவது. இளம்பிள்ளைவாதம் எனும் போலியோ இலங்கையில் கடைசியாக 1993இல் பதிவானது. அது திரும்பவில்லை என்று எப்படி நிச்சயமாகச் சொல்வது? பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்கும் திடீரெனக் கை கால் சோர்ந்து தொய்ந்துபோனால், போலியோ என்று சந்தேகிக்கக் காரணமே இல்லாவிட்டாலும், உடனே அறிவித்து மலத்தின் மாதிரிகளைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இப்படியான தளர்வு கில்லன் பாரே நோய் போன்ற வேறு காரணங்களாலும் வரும். ஒரு இலட்சம் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஒருவராவது இப்படி வருவது இயல்பு. ஆகவே ஒரு மாவட்டத்திலிருந்து ஒரு பிள்ளைகூட அறிவிக்கப்படவில்லை என்றால் "நல்லது, போலியோ இல்லை" என்று எடுத்துக்கொள்வதில்லை. "அங்கே பார்ப்பவர்கள் பார்க்கவில்லை" என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். வலை கிழியாமல் இருக்கிறதா என்று அறிய, எப்போதும் விழும் சின்ன மீன் விழுகிறதா என்று பார்ப்பது போல. கடலோடிகளின் ஊரில் இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது, "இல்லை" என்று சொன்னதையும் மறுபடி பார்ப்பது. மலேரியா இருக்கிறது என்று வந்த தகடுகளை மாத்திரமன்றி, இல்லை என்று வந்த தகடுகளில் ஒரு பகுதியையும் எடுத்து இன்னொருவர் நுணுக்குக்காட்டியில் மறுபடி பார்க்கிறார். ஒரு நாளைக்குப் பல தகடுகளை மாதக்கணக்கில் பார்த்து ஒன்றிலும் கிருமியைக் காணாத கண், ஒருநாள் கிருமி இருந்தாலும் அதைக் கடந்து போய்விடும். அது மனித இயல்பு. அதனால் நோய் இல்லாத நாட்டில் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரின் கண்ணைப் பழக்கத்தில் வைத்திருப்பதே ஒரு தனி வேலை.

நான்காவது, கருவியை நம்புவதற்கு முன் கருவியைச் சோதிப்பது. பல வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். தடுப்பூசிகளை 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் தாளில் குறிக்க வேண்டும். அங்கே தாளில் எல்லா நாளும் 4 என்று அழகாக இருந்தது. புதிதாக வந்த ஒரு தாதி அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "போன கிழமை அரை நாள் கரண்ட் இல்லை. அன்றைக்கும் எப்படி 4?" என்று கேட்டார். வெப்பமானி எப்போதோ பழுதடைந்து அந்த இலக்கத்திலேயே நின்றுவிட்டிருந்தது. குறித்தவர்கள் பொய் எழுதவில்லை. கண்டதைத்தான் எழுதினார்கள். அசையாத நல்ல இலக்கம் எவருக்கும் சந்தேகத்தைத் தரவில்லை, அந்தப் பிள்ளையைத் தவிர. உடனே மருந்துகள் ஒதுக்கி வைக்கப்பட்டன, புதிய வெப்பமானி வந்தது. அதன்பிறகு எந்தத் தாளைப் பார்த்தாலும், ஒரே இலக்கம் தொடர்ந்து இருந்தால் முதலில் கருவியைத் தட்டிப் பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது.

ஐந்தாவது, கூப்பாட்டின் அளவு. தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்றவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு கட்டிலருகிலும் இயந்திரங்கள் ஓயாமல் சத்தமிடும். நோயாளி கையை அசைத்தால் சத்தம், கம்பி கழன்றால் சத்தம். பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. நாளடைவில் காது மரத்துப்போகும். சத்தத்தைக் குறைத்து வைக்கும் எண்ணமும் வரும். உண்மையான ஆபத்தின் சத்தமும் அதே சத்தம்தான் என்பதே பிரச்சினை. ஆகவே காவல் சுகமாக இருக்க வேண்டுமென்றால் தேவையற்ற கூப்பாட்டைக் குறைக்க வேண்டும். கணினித் தங்கைமாரும் இதையே சொல்கிறார்கள்: ஒரு நாளைக்கு இருநூறு எச்சரிக்கை வந்தால் ஒன்றையும் யாரும் வாசிப்பதில்லை.

இவை ஐந்தோடும் இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். கருவி இருந்தால் போதாது, மறுமுனையில் ஆள் வேண்டும். 2004 டிசெம்பர் 26 காலை 6.58க்கு சுமாத்திராக் கரையில் பூமி அதிர்ந்தது. கண்டிக்கு அருகே பல்லேகலையில் இருந்த நிலநடுக்கப் பதிவு நிலையம் அந்த அதிர்வைப் பதிவு செய்தது. அது ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும்கூட. அலை நமது கிழக்குக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது. இந்து சமுத்திரத்தில் அப்போது சுனாமி எச்சரிக்கை ஏற்பாடு இல்லாததால், பதிவான அதிர்வு கரையிலிருந்த ஒருவருக்கும் செய்தியாகப் போய்ச் சேரவில்லை. இலங்கையில் மாத்திரம் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன்பிறகு எச்சரிக்கை ஏற்பாடுகள் வந்தன. அவற்றுக்கும் பராமரிப்பு வேண்டும். இந்தோனேசியா ஆழ்கடலில் வைத்த 22 மிதவைகளும் 2012 முதல் வேலை செய்யவில்லை என்பதை 2018இல் பாலு நகரைச் சுனாமி தாக்கியபின் அந்நாட்டு அனர்த்த முகாமைத்துவ அதிகாரிகளே சொன்னார்கள். வாங்கும்போது விழா எடுக்கிறோம். மின்கலம் மாற்றும் நாளுக்கு விழா இல்லை.

இனி இன்றைய நிலைமைக்கு வருகிறேன். மலேரியா நம்மை விட்டுப் போய்விட்டது, நுளம்பு போகவில்லை. அதோடு புதிய நுளம்பு ஒன்றும் வந்திருக்கிறது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீஃபன்ஸை என்ற இனம் மன்னாரில் இருப்பது 2017இல் அறிவிக்கப்பட்டது. வில்பத்துக்கு அந்தப் பக்கம் மன்னார், இந்தப் பக்கம் நாம். இது ஆற்றுக் குட்டையை எதிர்பார்ப்பதில்லை. கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் வளரும். கிணறுகளில் புழு தின்னும் மீன்களை விடுவது ஒரு தடுப்பு முறை. யாராவது அதிகாரி வந்து உங்கள் வளவுக் கிணற்றைப் பார்க்க வேண்டும் என்றால் கோபிக்காமல் காட்டுங்கள். அவர் காவலின் கண்.

நோயைக் கொண்டுவரும் பிரயாணிகளும் இருக்கிறார்கள். 2012ஆம் ஆண்டளவில் வெளிநாடு போக முயன்று மேற்கு ஆபிரிக்காவில் அகப்பட்டுத் திரும்பி வந்த நம்மவர்களில் பலருக்கு மலேரியா இருந்தது. விமான நிலையத்திலேயே சோதனை செய்யும் ஏற்பாடு இருந்ததால் அது பிடிபட்டது. 2018இல் வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்நாட்டவர் ஒருவருக்குத் தொற்றியது. 2012க்குப் பிறகு நாட்டுக்குள் நடந்த முதல் தொற்று அது. உடனே கண்டுபிடித்துச் சிகிச்சையளித்ததால் அதோடு நின்றது. 1967இல் கிடைக்காத முடிவு 2018இல் கிடைத்ததற்குக் காரணம், காவல் விழித்திருந்ததே.

ஆனால் என்னை உறுத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்று வைத்தியர்களாக வெளிவரும் பிள்ளைகளில் பலர் மலேரியா நோயாளி ஒருவரையும் கண்டதில்லை. காய்ச்சல் என்றால் அவர்களுக்கு முதலில் டெங்கு நினைவு வரும். அது நியாயம்தான். மலேரியா நினைவு வருவதற்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "சமீபத்தில் வெளிநாடு போனீர்களா?" அந்தக் கேள்வியை வைத்தியர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். ஆபிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ போய் வந்தபின் காய்ச்சல் கண்டால், போய் வந்து பல மாதங்கள் ஆகியிருந்தாலும், "நான் அங்கே போய் வந்தேன், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள்" என்று சொல்லுங்கள். இலண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கும் நம் மாணவிகளுக்கும் இது பொருந்தும். அங்குள்ள வைத்தியருக்கும் அது உடனே நினைவுக்கு வராது. ஒருவர் இப்படி வாய் திறந்தால் அந்தக் கண்காணிப்பில் இன்னொரு கண் சேர்கிறது.

கடைசியாக, நமது சங்கத்தைப் பற்றி. நூறு வருடமாக இந்தச் சங்கம் செய்துவந்த வேலையும் ஒருவகைக் கண்காணிப்புத்தான். யார் வீட்டில் சுகவீனம், யாருடைய பிள்ளைக்குப் புத்தகம் வாங்க வழியில்லை, யார் தனித்துப் போனார் என்று விசாரிக்கும் வலை இது. முன்பு அந்த வலையைப் பிடித்திருந்தவர்கள் நடந்தே வீடு வீடாகப் போனார்கள். இப்போது வட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. குழுவில் தினமும் காலை வணக்கம், பூப்படம், பிறந்தநாள் வாழ்த்து என்று சத்தத்துக்குக் குறைவில்லை. நான் சற்று முன் சொன்ன தீவிர சிகிச்சைப் பிரிவு போல. அந்தச் சத்தத்துக்குள் ஆறு மாதமாக ஒரு வார்த்தையும் பேசாத அக்கா ஒருவர் இருந்தால் நமக்குத் தெரிகிறதா?

ஆகவே நிர்வாகக் குழுவிடம் நான்கு சிறிய யோசனைகளை வைக்கிறேன்.

ஒவ்வொரு வருடத்து வகுப்புக்கும் ஒரு பிரதிநிதி இருக்கட்டும். அவர் மாதம் ஒருமுறை செயலாளருக்கு ஒரு வரி அனுப்பட்டும். விசேஷம் எதுவும் இல்லாவிட்டால் "ஒன்றுமில்லை, எல்லோரும் சுகம்" என்றே அனுப்பட்டும். வரி வராத மாதத்தில் செயலாளர் அந்தப் பிரதிநிதிக்கே தொலைபேசி எடுக்கட்டும். முதலில் சுகவீனப்பட்டது அவராக இருக்கலாம்.

வருடத்துக்கு ஒருமுறை நமது பெயர்ப் பட்டியலை எடுத்து, அதில் எந்த இலக்கம் உயிரோடிருக்கிறது, எது செத்துவிட்டது என்று கூப்பிட்டுப் பார்க்கட்டும். எல்லோரையும் முடியாவிட்டால் பத்தில் ஒருவரையாவது. தகடுகளில் ஒரு பகுதியை மறுபடி பார்ப்பது போல.

பட்டியல் ஒரே கைத்தொலைபேசியில், ஒரே ஆளின் தலையில் இருக்கக் கூடாது. ஒரு பிரதி கடதாசியில், பாடசாலை அலுவலகத்தில் இருக்கட்டும். வட்ஸ்அப் நின்ற இரவு நமக்கு அதைக் கற்பித்தது.

தனியே வாழும் மூத்த அக்காமாருக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு தங்கைமாரை ஒதுக்குங்கள். ஒருவர் மறந்தாலும் மற்றவர் கூப்பிடுவார். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் கலியாணம் என்றால் அந்தக் கிழமை இருவருமே மறந்துவிடுவார்கள்.

இவற்றுக்குப் பணம் பெரிதாகத் தேவையில்லை. பலகையில் பெயர் பொறிக்கவும் முடியாது. நன்றாக நடந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் தோன்றும். கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போய் இரத்தப் பூச்சு எடுத்த மலேரியா இயக்கத்து ஊழியர்களின் பெயர்களும் எங்கும் பொறிக்கப்படவில்லை. ஆனால் இன்று நமது பாடசாலை வகுப்பறைகளில் நடுங்கும் பிள்ளை ஒன்றும் இல்லை.

இந்தச் சங்கத்தை நமக்குக் கையளித்துப் போன மூத்த மாணவிகள் அனைவரையும் நன்றியோடு நினைக்கிறேன். அடுத்த நூறு வருடத்துக்கு இதைக் காக்கப்போகும் தங்கைமாருக்கு என் வாழ்த்துகள். நாளைக்கே உங்கள் வகுப்புப் பட்டியலை எடுத்து, அதில் நீண்ட நாள் பேசாதிருக்கும் ஒருவருக்கு ஓர் அழைப்பு எடுத்துப் பாருங்கள்.